இடது ஓரத்துச் செய்திகள்

ஓசூரிலிருந்து சென்னைக்கு இறங்கும் நெடுஞ்சாலை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி வரை அதன் எண் 44, அதற்குப் பிறகு 48. லாரிக்காரர்களுக்கு இது சரக்குச் சாலை. பெங்களூரிலிருந்து வார இறுதியில் ஊர் திரும்பும் கார்க்காரர்களுக்கு எப்படியாவது தாண்டிவிட வேண்டிய சாலை. ஸ்கூட்டரை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் வேறொரு வரைபடம் தெரியும். ஓசூரில் டி.வி.எஸ். ஆலை; 1980-இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது அங்கிருந்துதான். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய ஏத்தரும் அதே ஓசூரில் மின் ஸ்கூட்டர் செய்கிறது. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே ஒதுங்கினால் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா, சாலையோடு வந்தால் ராணிப்பேட்டையில் ஆம்பியர், ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் யமஹா. சாலை முடிந்து கடலோரமாக வடக்கே திரும்பினால் திருவொற்றியூர். புல்லட்டுக்குப் பேர்போன என்ஃபீல்டு 1960-களில் அங்கே 'ஃபேன்டாபுலஸ்' என்றொரு ஸ்கூட்டரையும் செய்து பார்த்தது. ஊர் அதை மறந்துவிட்டது. இத்தனை ஆலைகளும் விளம்பரத்தில் விற்பவை மைலேஜ், வேகம், டிக்கியின் அளவு, இப்போது திரையும் ப்ளூடூத்தும். ஸ்கூட்டர்க்காரர்களின் அன்றாட மகிழ்ச்சி இவை எதிலும் இல்லை என்பது என் வாதம். ஓட்டுகிறவர் பக்கத்து ஆளின் குரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். சின்னச் சின்ன நல்ல சேதிகள் அவரிடம் வந்து சேர்வதும் அவரிடமிருந்து கிளம்புவதும் இந்த எட்டும் தூரத்தால்தான். இந்தச் சாலை நெடுக அதற்குச் சாட்சி கிடைக்கிறது, எதிர்ச்சாட்சியும் கிடைக்கிறது.

ஓசூரிலேயே தொடங்கலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் புழங்கும் ஊர் அது. அங்கே சிக்னலில் பக்கத்தில் நிற்பவர் எந்த மொழிக்காரர் என்று முன்கூட்டியே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சைடு ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பிவிட்டவரை யாராவது ஒருவர் கட்டாயம் பிடித்துவிடுவார். 'அக்கா, ஸ்டாண்டு!' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும், குரல் எட்டாவிட்டால் தரையைக் காட்டும் ஒரு விரல் வரும். இண்டிகேட்டர் அணையாமல் சிமிட்டிக்கொண்டிருந்தால் ஐந்து விரலையும் கூட்டிக் கூட்டி விரிப்பார்கள். துப்பட்டா சக்கரப் பக்கம் தொங்கினால் ஹாரன் அடித்துத் தங்கள் தோளைத் தொட்டுக் காட்டுவார்கள். டயரில் காற்று இறங்கியதற்கும், முதுகுப்பை திறந்து கிடப்பதற்கும் சைகை உண்டு. இதையெல்லாம் யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை, ஓட்டுநர் உரிமத் தேர்வில் கேட்பதும் இல்லை. சேதியைப் பெற்றவர் தலையசைக்கிறார், பச்சை விழுகிறது, இருவரும் பிரிந்து போகிறார்கள். இதையெல்லாம் நல்ல செய்தி என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். கீழே விழ இருந்தவர் விழவில்லை என்பதைவிடப் பெரிய செய்தி அன்றைக்கு அவருக்கு வேறென்ன வந்துவிடப் போகிறது? இந்த அக்கறை சில சமயம் வீணாகவும் போகும். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புது இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சினோடு தானாகவே எரிய வேண்டும் என்று விதி வந்தது. அணைப்பதற்கு ஸ்விட்ச் கிடையாது. பட்டப்பகலில் விளக்கு எரிகிறதே என்று எதிரே வந்தவர்களெல்லாம் மாதக்கணக்கில் விரலைக் கூட்டி விரித்தார்கள். புது வண்டிக்காரர்கள் தலையாட்டியே அலுத்துப்போனார்கள். தேவையே இல்லாத உதவியை இத்தனை பேர் இவ்வளவு பொறுப்பாகச் செய்த இன்னொரு சந்தர்ப்பம் எனக்குத் தோன்றவில்லை.

ஆளுக்கு ஆள் இவ்வளவு பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை, வண்டியின் உடம்பிலேயே இருக்கிறது. 1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் ஆய்வில் பெயர் எடுத்தவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. அதில் எண்ணெய் துணியில் தெறிக்கும், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், டயர் மாற்றுவது பெரும்பாடு. எனவே எஞ்சினைப் பின்னால் மூடிவைத்து, முன்னால் தகட்டுக் கவசம் நிறுத்தி, இடையில் இரண்டு காலையும் சேர்த்து வைக்கிற வெளியை விட்டார். பாவாடை கட்டியவரும் ஏறி உட்காரலாம் என்று அமைந்த அந்த வெளிதான் நம் ஊரில் சேலைக்கும் வேட்டிக்கும் பொருந்திப்போனது. ஸ்கூட்டரில் உட்கார்கிறவர் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்கிறார். மோட்டார் சைக்கிள்காரரின் முதுகு முன்னால் சாய்கிறது, கண் தூரத்தைத் தேடுகிறது. ஸ்கூட்டர்க்காரரின் பார்வை பக்கத்துக்கும் போகிறது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பஜாஜ் சேத்தக் ஓட்டியவரின் இடது கை கிளட்சுக்கும் கியருக்கும் அடிமை. 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டாவில் பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பியது. கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. பிறகு 1990-களில் ஸ்கூட்டி, 2001-இல் ஆக்டிவா என்று கியர் இல்லாத வண்டிகளே ஊரை நிறைத்தன. அந்த இடது கை கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் சைகைகள் இவ்வளவு பெருகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். (அந்தக் கையில்தான் பின் பிரேக் இருக்கிறது என்று நினைவூட்டுபவர்களுக்கு: ஆமாம், கொஞ்ச நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது.)

சூளகிரிப் பக்கம் கொத்தமல்லியும் புதினாவும், ராயக்கோட்டைப் பக்கம் தக்காளியும், ஓசூரைச் சுற்றி ரோஜாவும் விளைகின்றன. பக்கத்துச் சந்தைக்குப் போகிற கட்டுகளில் ஒரு பங்கு ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்திலும், எக்ஸெல்லின் முன்பக்கத்திலும்தான் பயணம் செய்கிறது. எக்ஸெல் மொபெட், ஸ்கூட்டர் ஆகாது என்று இலக்கணம் பேசுவோர் பேசட்டும், சந்தைக்குப் போகிறவர்கள் இரண்டையும் 'வண்டி' என்றுதான் சொல்கிறார்கள். இந்தச் சுமைகளைப் பற்றி ஒன்று கவனிக்க வேண்டும். காரின் டிக்கிக்குள் போகும் பொருள் யார் கண்ணுக்கும் படாது. ஸ்கூட்டரில் போகும் பொருள் ஊருக்கே தெரியும். பின்னால் இருப்பவர் மடியில் அசையாமல் பிடித்திருக்கும் கேக் பெட்டி, கொக்கியில் ஆடும் தாம்பூலப் பைகள், கால்களுக்கு நடுவே நிற்கும் வாழைக்கன்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஃபிளாஸ்கும் கூடையும், புது வண்டியின் கைப்பிடியில் வாடத் தொடங்கிய மாலை எல்லாமே வாய் திறக்காமல் சேதி சொல்லிக்கொண்டு போகின்றன. மாலை போட்ட வண்டி சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் பேசாமல் இருக்க மாட்டார். 'என்ன விலைங்க?' என்று முதலில் கேட்பார், 'எவ்ளோ குடுக்குது?' என்று அடுத்துக் கேட்பார். லிட்டருக்கு ஐம்பது என்று பதில் வந்தால் கேட்டவர் முகத்திலும் ஒரு திருப்தி தெரியும், தனக்கே கொடுத்த மாதிரி. வண்டி வாங்கியவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். அது ஒரு பொருட்டே இல்லை.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வந்ததும் கார்களும் லாரிகளும் வரிசை கட்டுகின்றன. இருசக்கர வண்டிகள் இடது ஓரத்துச் சந்தில் நுழைந்து காசு கொடுக்காமல் வெளியே வந்துவிடுகின்றன. 2025 ஜூனில் இந்தச் சந்துக்கும் ஆபத்து என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஜூலை 15 முதல் இருசக்கர வண்டிகளுக்கும் கட்டணம் என்று கைபேசிக்குக் கைபேசி தாவிய அந்தச் சேதியை ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி வெளிப்படையாக மறுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. பொருளாதாரம் எழுதுகிறவர்களுக்கு இவை இரண்டு பத்திச் செய்திகள். ஸ்கூட்டர்க்காரர்கள் அவற்றைப் பரிமாறிக்கொண்ட விதம் வேறு. 'நமக்குக் கிடையாதாம்', 'நமக்குக் கொறஞ்சிருச்சாம்' என்று பெட்ரோல் பங்க் வரிசையில் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல முடிந்தது. வருமான வரி குறைந்ததை அப்படி யாரிடமாவது சொல்ல முடியுமா? சொன்னால் நாம் எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்று கேட்பவர் மனம் கணக்குப் போடும். ஸ்கூட்டர் சேதிக்கு அந்தக் கூச்சம் இல்லை. மேலாளரும் காவலாளியும் ஒரே வரிசையில் ஒரே வண்டியில் நிற்க வாய்ப்புள்ள இடங்கள் நம் ஊரில் அதிகம் இல்லை. இந்த வரிசை அவற்றில் ஒன்று.

இங்கே ஒரு மறுப்பு வரும், வலுவான மறுப்புதான். பேருந்து சரியாக வராததால் கடன் வாங்கி வண்டி எடுக்கிறவர்களின் நெருக்கடிக்கு மகிழ்ச்சி என்று பெயர் வைக்கிறீர்கள், காரும் நல்ல ரயிலும் கிடைத்தால் இவர்களில் பாதிப்பேர் அன்றைக்கே ஸ்கூட்டரை விற்றுவிடுவார்கள் என்பார்கள். பாதிக்கு மேல் விற்றாலும் வியப்பில்லை. இந்த வண்டியின் வரலாற்றிலும் இருட்டு உண்டு. உரிமம் வாங்கித்தான் உற்பத்தி செய்ய முடியும் என்றிருந்த காலத்தில் சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாத மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெண் வீட்டின் தலையில் கட்டினார்கள். வடக்கே மட்டும் நடந்தது என்று நாம் நழுவ முடியாது. அந்தக் குடும்பங்களில் ஸ்கூட்டர் வந்த நாள் ஒருவருக்கு இனிப்பு, இன்னொருவருக்குக் கடன் சீட்டு. ஆனால் இந்த மறுப்பு வண்டி ஏன் வாங்கப்பட்டது என்பதைப் பற்றியது, வாங்கியபின் சாலையில் நடப்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வேறு வழியில்லாமல் ஏறியவர்களும் ஏறியபின் ஒருவருக்கொருவர் ஸ்டாண்டை மடக்கச் சொல்கிறார்கள். நெருக்கடி இருப்பதால் உறவும் பொய்யாகிவிடும் என்றால், ரேஷன் கடை வரிசையில் பேசிய பேச்செல்லாம் பொய் என்றாகிவிடும். பேருந்தைப் பற்றிச் சொன்னதும் முழு உண்மை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். அப்படியும் பெண்கள் ஸ்கூட்டரை விட்டுவிடவில்லை. விடியற்காலை ஷிப்டு முடிந்து உள்ளூருக்குப் போவதும், போகிற வழியில் பிள்ளையை இறக்கிவிட்டு மாவு வாங்கிக்கொள்வதும் பேருந்தின் அட்டவணைக்குள் அடங்குவதில்லை.

பெண்கள் என்றதும் 2018-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்த 'அம்மா இருசக்கர வாகனத் திட்டம்', வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அல்லது அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது. அரசு விழா, கட்சிக் கொடி, பெயர்ச் சண்டை எல்லாம் அதிலும் இருந்தன. மூன்று ஆண்டு கழித்து ஆட்சி மாறியபோது அரசின் அக்கறை பேருந்துப் பக்கம் திரும்பியது. இரண்டில் எது சிறந்த கொள்கை என்று கேட்டால் பேருந்துதான் என்பேன். அது அதிகம் பேருக்குப் போய்ச் சேர்கிறது. எனினும் மானிய வண்டி வேறொன்றைக் கொடுத்தது. வீட்டில் ஆண் வந்து ஏற்றிப் போகும்வரை காத்திருந்த பெண், பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தானே ஏற்றிக்கொண்டு போகிறவள் ஆனாள். போச்சம்பள்ளியில் எழுந்த ஓலா ஆலை முழுக்கப் பெண்களாலேயே இயக்கப்படும் என்று 2021-இல் அறிவித்தார்கள். அறிவிப்பு எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதைத் தனியே பேசலாம், ஆனால் வண்டியைச் செய்கிற கையும் ஓட்டுகிற கையும் பெண்ணுடையதாக இருக்கலாம் என்று அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சொல்ல அதுவே போதும்.

வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் தொழிலின் ஊர்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் வேலை தொடங்கும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகளோடு ஸ்கூட்டிகளும் சாலையை நிறைக்கின்றன. பெரும்பாலானவற்றில் இருவர். முன்னிருப்பவரின் காதுக்கும் பின்னிருப்பவரின் வாய்க்கும் ஒரு சாண் தூரம்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, இரண்டு பேர் கண்ணும் சாலையில் இருக்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் தொண்டையில் நிற்கும் சேதி இந்த அமைப்பில் எளிதாக வெளியே வருகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது, பெண் பார்க்க வருகிறார்கள், சங்கச் சீட்டு விழுந்துவிட்டது, பையன் கணக்கில் தேறிவிட்டான். மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும் காலையில் பின்னிருப்பவர் கைபேசியைப் பார்த்து எண்களைச் சொல்ல, முன்னிருப்பவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துகிற காட்சியை இந்தச் சாலையில் எங்கும் காணலாம். கேட்ட சந்தோஷத்தில் பிரேக் பிடிக்க மறக்காமல் இருப்பதே பெரிய தேர்ச்சி. பேருந்தில் இதே சேதியைச் சொன்னால் முன் இருக்கைக்கும் கேட்கும். காரில் சொன்னால் ஓட்டுகிறவர் பாட்டைக் குறைக்க வேண்டும். சொல்லவும் வேண்டும், ஊருக்குக் கேட்கவும் கூடாது என்கிற வகைச் சேதிகளுக்கு ஸ்கூட்டரின் பின்சீட்டை விடத் தோதான இடம் இல்லை.

பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜா என்று பாலாற்றை ஒட்டி வரும் பகுதியில் மழைக்காலத்தில் இன்னொரு வகைச் செய்தி பரிமாறப்படுகிறது, இதற்கு வாய் வேண்டாம். எதிர்த்திசையில் வருகிறவரின் சட்டை நனைந்திருந்தால் முன்னால் மழை. மழைக்கோட்டு போட்டு வந்தால் கனத்த மழை. கோட்டு போட்டும் அது காய்ந்திருந்தால் விட்டுவிட்டது. வானிலை அறிக்கை மாவட்டத்துக்குச் சொல்லும், இது அடுத்த ஐந்து கிலோமீட்டருக்குச் சொல்கிறது. மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் மேம்பாலத்துக்கடியில் ஒதுங்குகிறார்கள். அங்கே பத்து நிமிடத்துக்கு ஒரு சிற்றூர் உண்டாகிறது. சாலையை அடைத்து நிற்பது தவறு, பின்னால் வரும் லாரிக்கு இடமில்லாமல் போகிறது, அதில் உயிர் போன சம்பவங்களும் உண்டு. ஒதுங்க இடம் கட்டாதவர்களின் குற்றத்தையும் அதோடு சேர்த்து எண்ண வேண்டும். பெட்ரோல் தீர்ந்து நிற்பவருக்கு நடப்பது இதைவிட விசித்திரம். பின்னால் வருகிற யாரோ ஒருவர் நின்று, நிலைமையைக் கேட்டு, தன் இடது காலை அந்த வண்டியின் பின்பக்கத்து ஃபுட்ரெஸ்டில் ஊன்றித் தள்ளிக்கொண்டே பங்க் வரைக்கும் வருகிறார். இரண்டு வண்டியும் ஒரே எஞ்சினில் ஓடுகின்றன. சட்டம் இதை ஏற்காது, நெடுஞ்சாலையில் செய்வது ஆபத்தும்கூட. ஆனால் நன்றி சொல்லப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் தன் காலை நோகவைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் வருவது எதற்காக என்று கேட்டால், நாளைக்குத் தன் வண்டியும் நிற்கும் என்பதற்காகத்தான். ஸ்கூட்டர் பழுதாகும், கவிழும், நனையும் என்பது ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் உடம்பால் தெரியும். அந்த அறிவுதான் இவர்களைப் பேசவைக்கிறது.

இந்த இடத்தில்தான் மிகக் கடுமையான எதிர்ச்சாட்சியைக் கேட்க வேண்டும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. அவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் வந்தவர்கள். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒவ்வோர் ஆண்டும் வீடு திரும்பாமல் போகிறது. இதைத் தெரிந்துகொண்டு ஸ்கூட்டரின் இன்பம் பேசுவது பொறுப்பற்றது என்று ஒருவர் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போக மாட்டேன். சிலவற்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பிள்ளையை முன்னால் நிற்கவைத்துக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி ஓட்டுவது நம் குடும்ப ஆல்பங்களில் எல்லாம் இருக்கும் இன்பம்; அது போகட்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இடுப்புவாரும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2022-இல் விதி அறிவித்தார்கள், அதைக் கேலி செய்யாமல் கடைப்பிடிக்கட்டும். தலைக்கவசம் போட்டால் பக்கத்து ஆள் பேச்சு கேட்காது என்பதும் உண்மைதான். கேட்காவிட்டால் என்ன, சைகை எதற்கு இருக்கிறது? ஆனால் அந்தச் சாவுகளுக்கான காரணப் பட்டியலில் வேகம், மது, எதிர்த்திசையில் வருவது, வெளிச்சமில்லாத குறுக்குச் சாலை, கவசம் இல்லாத தலை எல்லாம் வருகின்றன. ஒருவருக்கொருவர் ஸ்டாண்டை நினைவூட்டுவது வருவதில்லை. இந்த வண்டிகள் 40-இல் போகிற சாலையில் கார்கள் 100-இல் போகும்படி சாலையை வகுத்தது ஸ்கூட்டர்க்காரர் இல்லை. எட்டும் தூரம் உயிரைக் காக்கிறது என்று நிரூபிக்க என்னிடம் புள்ளிவிவரம் கிடையாது. கெடுக்கிறது என்று சொல்பவர்களிடமும் கிடையாது.

முன்னால் போலீஸ் நிற்கிறது என்று எதிரே வருகிறவர் விளக்கைச் சிமிட்டிக் காட்டுவதையும் நல்ல செய்தியில் சேர்ப்பீர்களா என்று ஒரு குறும்பான கேள்வி உண்டு. சேர்க்க மனமில்லை. குடித்துவிட்டு வருகிறவனுக்கும் அதே சைகைதான் போகிறது. சேர்ந்திருப்பது எப்போதும் நல்லதற்கே பயன்படும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒரே ஒரு ஆறுதல், அந்தச் சைகையைப் பார்த்ததும் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறிவிடுகிறது. போலீஸ் அங்கே நின்றதும் அதற்காகத்தானே.

ராணிப்பேட்டைக்கு வரும்போது வாதத்துக்குள்ளேயே ஒரு விரிசல் தெரிகிறது. மின் ஸ்கூட்டரும் புதிய பெட்ரோல் ஸ்கூட்டர் பலவும் ஸ்டாண்டு கீழே இருந்தால் நகராது. சிலவற்றில் திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானே அணைந்துவிடும். டயரின் காற்றழுத்தத்தைத் திரை சொல்கிறது, வழியைத் திரை காட்டுகிறது. அந்நியர் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக உணரிகள் எடுத்துக்கொள்கின்றன. குறைபாடுதான் இந்தப் பேச்சையெல்லாம் உண்டாக்கியது என்றால், குறை தீரத்தீரப் பேச்சும் நின்றுபோகாதா? ஸ்டாண்டைப் பொறுத்தவரை நிற்கும், நிற்கட்டும். மறதிக்கு விலையாக மூட்டு உடைய வேண்டியதில்லை. ஆனால் புது வண்டி புதுக் குறையோடுதான் வந்திருக்கிறது. மிச்சச் சார்ஜ் உண்மையில் எவ்வளவு தூரம் தாங்கும், அடுத்த சார்ஜர் எங்கே, அங்கே யாராவது கார் நிறுத்தி அடைத்திருக்கிறார்களா என்பதை எந்தத் திரையும் முழுசாகச் சொல்வதில்லை. பெட்ரோல் போட இரண்டு நிமிடம் போதும், அதற்குள் மைலேஜ் மட்டும்தான் கேட்க முடியும். சார்ஜ் ஏறக் குறைந்தது அரைமணி ஆகும், அதற்குள் ஒரு குடும்பக் கதையே முடியும். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரன்டி, மழையில் என்ன ஆனது, சர்வீஸில் எவ்வளவு வாங்கினார்கள் என்று அங்கே புழங்கும் தகவல் ஷோரூமில் கிடைப்பதைவிட நம்பகமானது. சாய்த்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று சேத்தக்கைப் பற்றி ஒரு தலைமுறைக்கே தெரிந்திருந்தது. அதுவும் எந்தக் கையேட்டிலும் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை.

காஞ்சிபுரத்துப் பக்கம் பட்டுத் தறிகளுக்குப் பாவும் ஜரிகையும் போவதும், நெய்து முடிந்த சேலை கடைக்குத் திரும்புவதும் பெரும்பாலும் இருசக்கர வண்டிகளில். அங்கே வண்டி தொழிலுக்குள் இருப்பதால் அதன் மிகப்பெரிய நல்ல செய்தியும் தொழிலைச் சேர்ந்ததாகவே இருக்கிறது. தவணை முடிவதுதான் அந்தச் செய்தி. கடைசித் தவணை கட்டி, பைனான்ஸில் தடையின்மைச் சான்று வாங்கி, படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து கடன் கொடுத்தவர் பெயர் நீங்கினால்தான் வண்டி உண்மையில் சொந்தமாகிறது. வாங்கிய நாளில் மாலையும் சந்தனமும் போட்ட வண்டிக்கு அந்த நாளில் யாரும் எதுவும் போடுவதில்லை. அப்போது அதன் முன்பக்கம் கீறியிருக்கும், சீட்டில் தையல் விட்டிருக்கும். ஆனால் 'டியூ முடிஞ்சிருச்சு' என்று சக வண்டிக்காரரிடம் சொன்னால், சொன்னதன் எடை அவருக்குத் தெரியும். கார் வைத்திருக்கும் உறவினரிடம் சொன்னால் 'அப்போ அடுத்து கார் எடுத்துடலாமே' என்பார்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் பூந்தமல்லிக்குள் நுழைந்தால் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளின் ஸ்கூட்டர்கள் கூட்டமாகத் தென்படும். இவர்களுக்குச் சேதி வருவது கைபேசியில்தான், அதுவும் கட்டளையாக. பக்கத்து ஆளோடு பேசினால் நிமிடம் போகும், நிமிடம் போனால் காசு போகும். என் வாதம் தோற்கும் இடம் இதுவாக இருக்கலாம் என்றுதான் முதலில் படும். அவர்கள் உணவகத்து வாசலில் காத்திருக்கும் நேரத்தைக் கவனித்தால் அப்படி முடிவு செய்ய முடியவில்லை. எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்த அடுக்ககத்தில் லிப்டில் ஏறவிடுவார்கள், எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள் என்பதெல்லாம் செயலியில் இல்லாத வரைபடம். அதை அவர்கள் அந்த வாசலில்தான் வரைந்துகொள்கிறார்கள். நேரத்தை வைத்து நெருக்குகிறவர்கள் அந்த வாசலையும் ஒருநாள் பறிக்கக்கூடும், அதற்கு எதிராக எழுத வேண்டிய கட்டுரை வேறு.

இவ்வளவுக்கும் இந்த 300 கிலோமீட்டரில் ஸ்கூட்டர்களுக்கென்று ஒதுக்கியது சுங்கச்சாவடிகளின் அந்த இடது ஓரச் சந்து ஒன்றுதான். அதைத் தாண்டியதும் லாரிகளோடு விட்டுவிடுகிறார்கள். முடியாத காரியம் என்று இதற்குச் சமாதானம் சொல்ல இயலாது. தமிழர்கள் நிறைந்து வாழும் கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் மலேசியக் கூட்டரசு நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கென்றே பிரித்த தனிப்பாதை 1970-களிலிருந்து இருக்கிறது. அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் மழைக்கு ஒதுங்கப் பாலத்தடியில் தனி இடமும் விட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையிலும் வளைவு நெருக்கம், இருட்டு என்று குறைகள் சொல்கிறார்கள், ஆனாலும் 100-இல் வருகிற லாரி அதற்குள் வருவதில்லை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ராணிப்பேட்டையிலும் வல்லத்திலும் செய்த வண்டிகள் வெளியே வந்ததும் முதலில் ஏறுகிற சாலைக்கு அந்த ஏற்பாட்டைக் கேட்பது அதிகம் இல்லை. சர்வீஸ் ரோடுகளை விட்டு விட்டு அமைக்காமல் தொடர்ச்சியாக இணைத்து, பாலத்தடியில் லாரித் தடத்துக்கு வெளியே ஒதுங்குமிடம் கட்டினாலே தொடக்கம் ஆகிவிடும். சுங்கக் கட்டணம் கட்டாதவர்களுக்கு எதற்குத் தனிப்பாதை என்று கேட்பார்கள். வண்டி வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யும், சாலை வரியும், லிட்டருக்கு லிட்டர் கட்டும் பெட்ரோல் வரியும் எந்தச் சாலைக்குப் போயின என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம்.